புறப்பட்டான்... போகவில்லை!

போன் அலறியது!

காலை ஆறரை மணி. பல் தேய்த்துக்கொண்டிருந்த விசா அண்ணன் வாய் நிறைய நுரையோடு ஓடி வந்து எடுத்தார்.

"ஹலோ..."

"கம்பெனியில விசா வேலையெல்லாம் பார்க்கறவர் நீங்கதானே? இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க தொழிலாளர் விடுதி வார்டனை யாரோ அடிச்சுக் கொன்னுட்டாங்க. உடனே புறப்பட்டு வாங்க!"

நுரையை அப்படியே விழுங்கிவிட்டார்.

'விசா அண்ணன்' பெற்றோர் வைத்த பெயரல்ல. நானூறு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வைத்த பெயர். யார் ஊருக்குப் போவதானாலும், போனவர் திரும்பி வருவதானாலும் இவர் கையெழுத்து வேண்டும். இவரும் கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்தான். வேலை இருக்கும் வரை விசா. வேலை போனால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

விடுதிக்கு ஓடினார்.

படிக்கட்டுக்குக் கீழே போர்வை போர்த்திய உடல். பக்கத்தில் ரத்தம் தோய்ந்த இரும்புக் குழாய். கொஞ்சம் தள்ளி... கையில் விலங்கோடு விடுதிச் சமையல்காரர்!

"தம்பி! நீங்களாவது சொல்லுங்க தம்பி!" சமையல்காரர் கதறினார். "விடிகாலையில அடுப்பு பத்த வைக்க வந்தேன். மனுஷன் விழுந்து கிடந்தாரு. பக்கத்துல இருந்த குழாயை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்!"

"குழாயில இவர் கைரேகை மட்டும்தான் இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "சாப்பாட்டுல உப்பு அதிகம்னு போன வாரம் வார்டன் திட்டினப்போ, 'உன்னை ஒருநாள் கவனிச்சுக்கறேன்'னு இவர் சொன்னதை இருபது பேர் கேட்டிருக்காங்க. இவரை ஜீப்ல ஏத்துங்க!"

கைகட்டி நின்ற மேனேஜர் பெருமூச்சு விட்டார். "ரொம்ப வருத்தமா இருக்கு சார். ஆனா என்ன செய்யறது? உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்..."

ஜீப் கதவு சாத்தப்பட்டது.

இன்ஸ்பெக்டர் விசா அண்ணன் பக்கம் திரும்பினார்.

"உங்களைக் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு. வார்டன் ரூம்ல ரெண்டு டீ கிளாஸ். ஒண்ணுல வார்டன் ரேகை. இன்னொண்ணுல யார் ரேகை தெரியுமா? உங்க கம்பெனி வெல்டர்!"

இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"வெளிநாட்டு ஆளுங்க விசா எடுக்கும்போதே பத்து விரலையும் பதிஞ்சுடறோமே... தேடினதும் கிடைச்சுட்டான். ஆனா கம்ப்யூட்டர் என்ன சொல்லுது? அந்த வெல்டர் எட்டு மாசத்துக்கு முன்னாடியே நாட்டை விட்டுப் போயிட்டானாம். ஆறு மாசத்துக்கு மேல வெளியே இருந்ததால விசாவும் காலாவதி! ஆளை ஊருக்கு அனுப்பிட்டு விரலை மட்டும் இங்கயே வச்சுக்கிட்டீங்களா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை!

"போ... போயிட்டான் சார். அது பழைய கிளாஸா இருக்கும்..."

"எட்டு மாசமா கழுவாமலா?"

"எங்க வார்டனுக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது சார்," மேனேஜர் முந்திக்கொண்டார். "ரெக்கார்டுல போயிட்டான்னு இருந்தா போயிட்டான்தான்!"

விசா அண்ணன் தலையாட்டினார். ஆட்டிய அந்தத் தலையைக் கழற்றி எங்காவது வைத்துவிடலாமா என்றிருந்தது அவருக்கு.

ஏனென்றால்...

வெல்டர் போகவே இல்லை!

எட்டு மாதத்துக்கு முன், வெல்டரின் மனைவிக்குப் பிரசவ நேரம். பெட்டியோடு விமான நிலையம் போனான். பாஸ்போர்ட்டில் 'வெளியேறினார்' என்று முத்திரையும் குத்தியாகிவிட்டது. விமானத்தில் ஏற வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, தொற்றுநோய் பரவுகிறதென்று நாட்டின் எல்லைகள் மூடப்பட்டன! விமானம் ரத்து. அத்தனை பேரையும் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டார்கள்.

ஆள் உள்ளே. முத்திரை வெளியே.

அப்படிப்பட்டவர்களுக்குக் கம்பெனி ஏழு நாளுக்குள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், முத்திரை ரத்தாகிவிடும். விசா அண்ணன் கடிதத்தை டைப் அடித்தார். மேஜை டிராயரில் வைத்தார். நாளைக்குக் கொடுக்கலாம் என்றார். மறுநாளும் அதையேதான் சொன்னார். எட்டாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது. மேனேஜருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்!

விமான நிலையம் போய் வந்தவனை விடுதியில் சேர்க்கக் கூடாது என்று அப்போது ஓர் உத்தரவு இருந்தது. அது வசதியாகப் போயிற்று. ஊருக்கு வெளியே இருந்த கம்பெனிக் கிடங்கில் வெல்டரைத் தங்க வைத்தார். வேலையும் அங்கேயே.

"அண்ணே, நம்ம விசா சரியா இருக்கில்ல?" மாதம் தவறாமல் கேட்பான் அவன்.

"பக்காவா இருக்குடா!"

எல்லை திறந்து இரண்டு மாதம் ஆகிறது. மற்றவர்கள் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிட்டார்கள். போனில் மட்டுமே பார்த்த மகளை நேரில் பார்க்க வெல்டரும் துடித்தான்.

"இப்ப போனா திரும்ப விட மாட்டாங்கடா. கொஞ்சம் பொறு."

"நீங்க சொன்னா சரிண்ணே."

அந்த 'சரிண்ணே' பல நாள் விசா அண்ணனைத் தூங்கவிடவில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

ஆட்டோ பிடித்துக் கிடங்குக்குப் பறந்தார்.

"தம்பி! டேய் தம்பி!"

பதில் இல்லை. கதவு திறந்து கிடந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது. பெட்டி இல்லை!

ஓடிவிட்டானா? அப்படியென்றால் அவன்தான் கொலைகாரனா?

"அப்பாடா..." என்று வாயிலிருந்து வந்துவிட்டது. ஓடியே போகட்டும். டிராயர் ரகசியமும் அவனோடு போய்விடும்.

அடுத்த நொடியே தன்னைத்தானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஒருவன் கொலைகாரனாக வேண்டும், இன்னொருவர் தூக்கில் தொங்க வேண்டும்... இவர் நாற்காலி ஆடாமல் இருக்க வேண்டும். அதுதானே அந்த 'அப்பாடா'?

செல்போன் ஒலித்தது. கடல் தாண்டிய நம்பர்.

"தம்பி, நான் சமையல்காரரோட வீட்டுக்காரி பேசறேன். காலையில இருந்து அவரு போனே எடுக்கலையே... நல்லா இருக்காரில்ல?"

"இ... இருக்காரும்மா."

"அடுத்த மாசம் ஊருக்கு வர்றேன்னாரு. திரும்பிப் போறதுக்கும் அனுமதி வாங்கிக் கொடுத்துட்டீங்களாமே! உங்களை மாதிரி ஒரு ஆள் அங்க இருக்கறதாலதான் நாங்க நிம்மதியா இருக்கோம். பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கணும் நீங்க!"

போனை வைத்தார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

டிராயர் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். எதிரே இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார்! நான் சொன்னது பொய்! வெல்டர் நாட்டை விட்டுப் போகவே இல்ல. எட்டு மாசமா நம்ம கிடங்குலதான் இருந்தான். முத்திரையை ரத்து பண்ணற கடிதத்தை டிராயர்லயே போட்டு வச்சது என் சோம்பேறித்தனம். மறைச்சது என் கோழைத்தனம். சமையல்காரரை விட்டுடுங்க!"

மேனேஜர் எழுந்தே விட்டார். "இவருக்குப் புத்தி கலங்கிப்போச்சு சார்! கொலையைப் பார்த்த அதிர்ச்சி. ரெக்கார்டைப் பாருங்க..."

"இதையெல்லாம் எழுதிக் கொடுப்பீங்களா?" இன்ஸ்பெக்டர் விசா அண்ணனிடம் கேட்டார். "வேலை போகும். உங்க மேல கேஸும் வரும்."

"வரட்டும் சார். எழுதறேன்."

இன்ஸ்பெக்டர் டீயை ஒரே மடக்கில் முடித்தார். கதவுப் பக்கம் குரல் கொடுத்தார்.

"உள்ளே வாப்பா!"

பெட்டியும் கையுமாக உள்ளே வந்தான்...

வெல்டர்!

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"காலையில அஞ்சு மணிக்கே ஸ்டேஷனுக்கு வந்துட்டான்," என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்து பார்த்ததைச் சொல்லுப்பா."

"வார்டன் டீ குடிக்கக் கூப்பிட்டாரு சார். நேத்து ராத்திரி, எல்லாரும் தூங்கின நேரம். அப்ப மேனேஜர் வந்தாரு. நாலு பேர் ரூம்ல பதினாலு பேரை அடைச்சு வச்சிருக்கறதைச் சுகாதாரத் துறைக்கு எழுதிப் போடப்போறேன்னு வார்டன் சொன்னாரு. பேச்சு முத்திடுச்சு. மேனேஜர் அவரை வெளியே இழுத்துட்டுப் போய்க் குழாயால ஒரே போடு போட்டாரு! துணியால குழாயைத் துடைச்சுட்டுத் திரும்பினப்போ என்னைப் பார்த்துட்டாரு. பயப்படவே இல்ல சார். சிரிச்சாரு! 'நீ இந்த நாட்டுலயே இல்லடா. நீ எப்படிடா பார்த்திருப்ப?'ன்னு கேட்டாரு!"

"டிராயரை நீங்க மட்டும்தான் திறப்பீங்கன்னு நினைச்சீங்களா?" இன்ஸ்பெக்டர் விசா அண்ணனைப் பார்த்தார். "உங்க மேனேஜர் எப்பவோ படிச்சுட்டார். நாட்டுல இல்லாதவன் சாட்சி சொன்னா, நேத்துதான் கள்ளத்தோணியில வந்தான்னு வக்கீல் ஒரே வரியில முடிச்சுடுவான். கூட வேலை செய்யறவங்க சொன்னா, சினேகிதனுக்காகப் பொய் சொல்றாங்கம்பான். விசா ரெக்கார்டுக்குப் பொறுப்பான ஆளே அது தப்புன்னு சொல்லணும். அதுக்குத்தான் காத்திருந்தேன். நீங்க வாயைத் திறக்கலைன்னா அந்தச் சமையல்காரர் கை விலங்கைக் கழட்ட என்னால முடிஞ்சிருக்காது!"

விசா அண்ணன் வெல்டரைப் பார்க்க முடியாமல் பார்த்தார்.

"ஏண்டா... மேனேஜர் அப்படிச் சொன்னப்புறமும் எந்தத் தைரியத்துல போலீஸ்கிட்ட போன?"

"ராத்திரி பூரா பயந்துக்கிட்டுத்தாண்ணே கிடந்தேன். அப்புறம் யோசிச்சேன். மேனேஜர் ஏதோ உளர்றாரு, நம்ம விசா பக்கான்னு அண்ணனே சொல்லியிருக்காரு, நமக்கென்ன பயம்னு..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். ஸ்டேஷன் கம்ப்யூட்டர் சொன்னதை அவனும் கேட்டிருந்தானே!

திட்டுவான் என்று விசா அண்ணன் காத்திருந்தார். நாலு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயார். வெல்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உட்கார்ந்து எழுதுங்கண்ணே. நின்னுக்கிட்டு எழுதினா கை நடுங்கும்."

அவமானத்தில் அவர் தலை குனிந்தது. அப்படியே உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் எழுதினார்.

"சார்," வெல்டர் மெல்லக் கேட்டான். "இவர் எழுதிட்டா... நான் என் பொண்ணைப் பார்த்துட்டுத் திரும்பி வரலாமா?"

"இந்த வாக்குமூலம் இருந்தா, கெடு தாண்டினாலும் முத்திரை ரத்தாகிடும். கேஸ் முடிஞ்சதும் போயிட்டு வா."

இதற்குள் மேனேஜர் கையில் விலங்கு ஏறியிருந்தது. அப்போதும் திமிர் அடங்கவில்லை.

"என் வக்கீல் யார்னு தெரியுமா? சாயங்காலத்துக்குள்ள ஜாமீன்ல வெளியே வந்துடுவேன்!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு சிரித்தார்.

"தாராளமா போங்க சார்! எங்க லாக்கப்புல ஒரு வசதி... நீங்க எத்தனை மாசம் வெளியே இருந்தாலும், திரும்பி உள்ளே வர்ற அனுமதி மட்டும் காலாவதியே ஆகாது!"