பத்து என்று சொன்னவள்

கையைக் காட்டிக்கொண்டே ஓடி வந்தான் அவன். மழை வேறு. பக்கவாட்டுக் கண்ணாடியில் அவனை அவள் நன்றாகவே பார்த்தாள்... நனைந்த நெற்றி, அதற்குக் கீழே 'கொஞ்சம் நில்லுங்களேன்' என்று கெஞ்சும் இரண்டு பெரிய கண்கள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் நேரமாகிவிட்டதே... கதவைச் சாத்திவிட்டு பஸ்ஸை எடுத்துவிட்டாள்.

டெப்போவில் அவளுக்கு 'டைம்டேபிள்' என்றுதான் பெயர். முதுகுக்குப் பின்னால் கேலியாக வைத்தது. அவளோ அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தாள். பஸ் ஓட்ட வந்த நாளிலிருந்து யாருக்காகவும் எதற்காகவும் பிந்தியதில்லை என்பதில் அவ்வளவு பெருமை.

அன்றைக்கு வண்டியை டெப்போவில் விட்டுவிட்டு, நேரே தியான வகுப்புக்கு நடந்தாள். தியானமா, இவளா என்று கேட்காதீர்கள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலி வந்து, டாக்டர்தான் "கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பழகுங்க" என்று அனுப்பிவைத்தார். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. உட்காருவதே பிழைப்பாக இருப்பவளுக்கு உட்காரச் சொல்லித் தரணுமா, என்ன?

துணிக்கடைக்கு மேலே, மாடியில் ஒரு நீள அறை. முன்னால் சின்னதாக ஒரு புத்தர். தரையில் வட்டமாகச் சில திண்டுகள். மழித்த தலையும் காவி உடையுமாக வகுப்பு நடத்தும் பிக்குணியம்மா, மணியைத் தட்டக் கையெடுத்த நேரம்... கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்து நின்றான் அவன்.

காலியாக இருந்தது ஒரே ஒரு திண்டு. அவள் பக்கத்தில்.

"பஸ் கிடைக்கலைங்க" என்று பிக்குணியம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தவன், அவள் பக்கம் திரும்பினான். அதே கண்கள். "கிடைச்சிருக்கும்... டிரைவர் மேடத்துக்கு என்ன அவசரமோ" என்றான் மெதுவாக.

"ஸ்டாப்ல நின்னிருந்தா ஏத்தியிருப்பேன். ஓடி வர்றவங்களுக்கெல்லாம் நிறுத்தினா வண்டி எப்பப் போய்ச் சேர்றது?"

"சரிங்க. தப்பு என் கால் மேலதான்."

அவன் சிரித்ததை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். பார்த்தாள்.

பயிற்சி என்னவோ கேட்பதற்குச் சுலபம். மூச்சை எண்ண வேண்டும். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. நடுவில் மனசு எங்கேயாவது போய்விட்டால், அதைத் திட்டாமல் கூட்டிவந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்று... இரண்டு... முட்டி வலித்தது. ஒன்று... மூக்கு நுனி அரித்தது. காலையிலிருந்து அரிக்காத மூக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... நாளைக்கு எந்த வண்டியைத் தருவார்கள், பிரேக் கிறீச்சிடுமே அந்தப் பழசை நம் தலையில் கட்டிவிடுவார்களோ... அடடா, மறுபடி ஒன்று. கால் மரத்துப்போய், அது யாருடைய காலோ என்று ஆகிவிட்டது. மணியடிக்க மறந்துவிட்டார்களா? இல்லை, இந்தம்மா தூங்கியே போய்விட்டாரா? ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். தூங்கவில்லை.

ஒருவழியாக மணி அடித்தது. பிக்குணியம்மா வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "எத்தனை வரைக்கும் போக முடிஞ்சுது?"

ஏழு, எட்டு, ஒன்பது என்றார்கள். அவள் முறை வந்தது. எல்லாரையும்விடக் குறைவாகவா சொல்வது? தலையை நிமிர்த்தி, "பத்து" என்றாள்.

"மூணு" என்றான் அவன். கொல்லென்று சிரித்தார்கள். அவன் காது சிவந்தது... ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை.

படியிறங்கும்போது பின்னாலேயே வந்தான். "எப்படிங்க பத்து? நான் சலூன் வச்சிருக்கேன். நாள் முழுக்க நின்னே பழகின உடம்பு. உட்கார்ந்தாலே, அங்க யாரோ காத்துக்கிட்டிருக்காங்கன்னு பதறுது. கொஞ்சம் சொல்லித் தாங்களேன்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கண்களில் இருந்த மரியாதை... அதை இழக்க மனசு வரவில்லை. வாய்க்கு வந்ததை அளந்துவிட்டாள். "ஒவ்வொரு மூச்சும் ஒரு ஸ்டாப்புன்னு வச்சுக்கோங்க. ஓடி வர்ற நினைப்புக்கெல்லாம் நிறுத்தாதீங்க. கதவைச் சாத்திட்டுப் போய்க்கிட்டே இருங்க."

"அதைத்தான் நேர்லயே பார்த்தேனே" என்றான் அவன்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாழாய்ப்போன சிரிப்பு... அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

அதற்கப்புறம் வாரா வாரம் அவள் முன்னாடியே போய், பக்கத்துத் திண்டில் தன் பையை வைத்து இடம் பிடித்தாள். கேட்டால் 'பை வைக்க வேற இடமில்லை' என்பாள். வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் நின்று பேச்சு. அவன் ஐந்து வரை போனான், ஆறு வரை போனான். அவள் மட்டும் நாலோடு நின்றாள். முன்பு பிரேக் சத்தம் வந்து கெடுத்தது. இப்போது அவன் வந்தான்.

ஒருநாள், "பத்துங்க. நிஜமாவே பத்து" என்றான் பிக்குணியம்மாவிடம். அவள் பக்கம் கையைக் காட்டினான். "எல்லாம் இவங்க சொல்லிக்கொடுத்ததுதான்."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தானே ஜெயித்த மாதிரி நெஞ்சு நிறைந்தது... மறுகணமே தன்னுடைய பொய்ப் 'பத்து' நினைவுக்கு வந்தது.

"அடுத்த வாரம் புது ஆளுங்க வர்றாங்க" என்றார் பிக்குணியம்மா அவளிடம். "உங்க அனுபவத்தை நீங்களே அவங்களுக்குச் சொல்லுங்க."

"அப்ப நான் அக்காவையும் கூட்டிட்டு வர்றேன்" என்றான் அவன், முகமெல்லாம் சிரிப்பாக.

கூட்டியும் வந்தான். அக்கா வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானா அது? வீட்ல உங்க பேச்சுத்தான் போங்க. என் தம்பிக்குப் பொய் சொல்றவங்களைக் கண்டாலே ஆகாது. அவனே ஒருத்தரை இப்படிப் புகழ்றான்னா..."

புது ஆட்களுக்கு முன்னால் வந்து நின்றாள். ஸ்டாப்பு, கதவு என்று ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவனும் கிடைப்பான். உண்மையைச் சொன்னால் இன்றோடு எல்லாம் போச்சு. ஆனால்... சொந்தமாகச் சம்பாதிக்காத மரியாதையை வைத்துக்கொண்டு காலமெல்லாம் அவன் பக்கத்தில் எப்படி உட்காருவது? ஒரு டீ கூட ஓசியில் குடித்தறியாதவள் அவள்.

"நான் பத்து வரைக்கும் போனதே இல்லை" என்றாள். "நாலுதான். முதல் நாள்லயே கௌரவத்துக்காகப் பொய் சொன்னேன். அப்புறம் வாரா வாரம் அதையே சொன்னேன். இவருக்குச் சொன்னதும் நானா அளந்து விட்டது. இவர் பத்து வரைக்கும் போனது இவரோட திறமை. என்னை மன்னிச்சிடுங்க."

அவன் முகம் இருண்டது. எழுந்தான், தன் திண்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

மணி அடித்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவளும் மூடினாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஆனால் முதுகு வளையாமல் உட்கார்ந்தாள்.

முடிந்ததும் வழக்கம்போலக் கேள்வி. "எனக்கு ரெண்டும்மா" என்றார் எப்போதும் ஒன்பது சொல்பவர். "எட்டுன்னதெல்லாம் சும்மாங்க" என்றார் இன்னொருவர். பிக்குணியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அவன் முறை வந்தது. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கூட எண்ணலைங்க. முதல்ல கோபம்... என்னைக் கோமாளி ஆக்கிட்டாங்களேன்னு. அப்புறம் யோசிச்சேன். அன்னைக்கு மூணுன்னு சொல்லிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவங்க அவ்வளவு உயரத்துல இருந்து தானா இறங்கி வந்து, எல்லார் முன்னாலயும், என் அக்கா முன்னாலயும் சொன்னாங்க. யாரும் கேக்கவே இல்லை. அதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்... இவங்களை எனக்குத் தெரியும்னு நினைக்கவே பெருமையா இருந்துச்சு." நிமிர்ந்தான். "எனக்கு இவங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க. அதையேதான் நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. "வீட்ல வாயைத் திறக்க மாட்டான், இங்க பாரு" என்று அக்கா மட்டும் முணுமுணுத்தாள். அக்காவின் கண்ணும் கலங்கியிருந்தது.

பிக்குணியம்மா மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார். "நீங்க எத்தனை?"

"நாலு" என்றாள் அவள். கன்னம் ஈரமாக இருந்தது, தலை நிமிர்ந்தே இருந்தது. எதிரே அவனைப் பார்த்தாள்... "அஞ்சாவது மூச்சுல இவர் வந்துடுறார்மா. போகச் சொல்ல எனக்கு மனசு வரலை."