ஏழரையின் புதுச் சட்டை

அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்தவர் அப்பாதான். ஆனால் அந்த முழுப் பெயரையும் சொல்லி முடிக்கும்வரை அவள் ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். அதனால் அது வெறும் குடுக்கை ஆகிவிட்டது.

அவரை விதையை மண்ணில் ஊன்றிவிட்டு, முளைத்துவிட்டதா என்று தினமும் காலையில் தோண்டிப் பார்த்தவள் அவள். பாவம், அந்த விதைக்கு முளைக்க நேரமே கிடைக்கவில்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் ஒரு டரான்டுலா வந்து சேர்ந்தது. டரான்டுலா என்றால் உடம்பெல்லாம் முடி முளைத்த பெரிய சிலந்தி. இது இன்னும் சின்னக் குட்டி. காலை நீட்டினால் ஒரு தீப்பெட்டிக்குமேல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். எட்டுக் கால்களில் ஒன்று பாதியில் முறிந்திருந்ததால், செல்லப்பிராணிக் கடையில் இதை யாரும் வாங்கவில்லை. கடைசியில் கடைக்காரர் இதைக் குடுக்கைக்கே கொடுத்துவிட்டார்.

அப்பா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கால்களை எண்ணினார்.

"ஏழு முழுசு, ஒண்ணு அரை. சரியாப் போச்சு! என் பொண்ணு வீட்டுக்கு ஏழரையைக் கூட்டிட்டு வந்துட்டா."

அன்றிலிருந்து அதன் பெயர் ஏழரை.

அம்மாவுக்குச் சிலந்தி என்றாலே உடம்பு கூசும். "அது அந்த மூலையில இருக்கட்டும், நான் இந்த மூலையில இருக்கேன். ரெண்டு பேரும் சண்டை போடாம இருப்போம்," என்று முதல் நாளே எல்லை பிரித்துவிட்டாள்.

அம்மாவுக்கு ஒரு மருத்துவமனையின் சமையலறையில் வேலை. நோயாளிகளுக்குப் போகும் தட்டுகளும் திரும்பி வரும் தட்டுகளும் அவள் கண்ணில் படாமல் தப்பாது. சுத்தமாகச் சாப்பிட்ட தட்டு திரும்பி வந்தால் "தட்டு காலி!" என்று உள்ளே குரல் கொடுப்பாள். சாப்பாடு அப்படியே திரும்பி வந்தால் அவள் முகம் வாடிவிடும். ஒருவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் அம்மாவே அவர் கட்டிலுக்குப் போய் நின்றுவிடுவாள். அதன்பிறகு அவர் சாப்பிடாமல் இருக்க முடியாது.

ஏழரை திடீரென்று சாப்பிடுவதை நிறுத்தியது.

கடையில் வாங்கிய குட்டிக் கரப்பான்பூச்சியைப் போட்டால், அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். வயிறு பளபளவென்று கறுத்துக்கொண்டே வந்தது. குடுக்கை கடைக்காரரிடம் ஓடினாள்.

"சட்டை உரிக்கப் போகுது," என்றார் அவர். "அது வளர்ந்துடுச்சு, தோலு பத்தல. பழசைக் கழட்டினாத்தான் புதுசு. மல்லாந்து படுத்துக்கிட்டுத்தான் கழட்டும். செத்துப்போச்சுன்னு நினைச்சு அழுதுடாதே. தொடாதே, ஆட்டாதே, பெட்டிக்குள்ள பூச்சி எதுவும் விடாதே. அப்போ அதோட உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும், கரப்பான் கடிச்சே கொன்னுடும்."

"எப்போ உரிக்கும் மாமா?"

"அதுக்கு எப்போ தோணுதோ அப்போ."

குடுக்கைக்கு இதைவிடக் கொடுமையான பதில் வேறு இருக்க முடியாது.

அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவர் கடை. "நீ வளர்ந்தா நான் மடிப்பைப் பிரிச்சு விடறேன். இதுக்கு மடிப்பே கிடையாதா? பாவம், ஒவ்வொரு தடவையும் முழுசாத் தைக்கணும்," என்று தொழில் முறையில் வருத்தப்பட்டார்.

குடுக்கை கரப்பான்பூச்சியை எடுத்து வெளியே போட்டாள். பெட்டிக்குள் தண்ணீர் வைக்கும் சின்ன மூடியை மட்டும் நிரப்பி வைத்தாள். பெட்டியைத் தட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தபோதெல்லாம் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். இப்படியே பதினெட்டு நாள் ஓடியது.

பத்தொன்பதாம் நாள் மாலை பள்ளியிலிருந்து வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் பெட்டியைப் பார்த்தாள். ஏழரை மல்லாந்து கிடந்தது.

"அப்பா! ஓடி வாங்க! மெதுவா ஓடி வாங்க!"

அப்பா கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. "போயிடுச்சாம்மா?"

"இல்லப்பா. சட்டை உரிக்குது." அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அடுத்த நொடியே பெட்டிக்குள் வேறு ஏதோ அசைந்தது. தண்ணீர் மூடிக்குப் பின்னாலிருந்து இரண்டு மீசைகள் ஆடிக்கொண்டே வெளியே வந்தன.

கரப்பான்பூச்சி!

"இது எப்படி உள்ளே வந்துச்சு? நான் போடவே இல்லையே!"

"தள்ளு, நான் பிடிச்சுடறேன்." அப்பா பெட்டியின் மூடியில் கை வைத்தார்.

"வேணாம்ப்பா! கையை விட்டா அது தாறுமாறா ஓடும். ஏழரை மேலேயே ஏறிடும்."

கரப்பான்பூச்சி நகர்ந்தது. அதன் மீசை ஏழரையின் கால் நுனியைத் தொட்டது. கையை உள்ளே விடு, விடு என்று உடம்பெல்லாம் சொன்னது. குடுக்கை உட்கார்ந்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

கரப்பான்பூச்சியை விரட்டினால் ஓடும். ஆனால் இருட்டும் சாப்பாடும் இருந்தால்? அதுவே தேடிப் போகும்.

"அப்பா, காலி நூல்கண்டுக் குழாய் ஒண்ணு குடுங்க. கொஞ்சம் நூலும்."

குழாயின் ஒரு வாயைத் துணித் துண்டால் அடைத்தாள். உள்ளே வாழைப்பழத் துணுக்கு ஒன்றை வைத்தாள். குழாயில் நூலைக் கட்டி, மூடியைக் கொஞ்சமாகத் திறந்து, ஏழரைக்கு எட்டாத மூலையில் இறக்கினாள். கிணற்றில் வாளி இறக்குவதைவிட மெதுவாக இறக்கினாள். பெட்டி அசையவே இல்லை.

பிறகு செய்ய ஒன்றும் இல்லை. காத்திருக்க வேண்டும்.

தையல் இயந்திரம் ஓடவில்லை. அப்பா மூச்சுகூட அளந்துதான் விட்டார். கரப்பான்பூச்சி ஏழரையை ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றது. மீசையைத் தடவிக்கொண்டது. அதற்கு உலகத்தில் எந்த அவசரமும் இல்லை.

பிறகு பழவாசனை பிடித்துக்கொண்டு, ஆடி அசைந்து மூலைக்குப் போய்க் குழாய்க்குள் தலையை நுழைத்தது. உடம்பை நுழைத்தது.

"இழு!" அப்பா கிசுகிசுத்தார்.

"இருங்கப்பா. மீசையும் உள்ளே போகட்டும்."

அப்பா தன் காதையே நம்பாமல் மகளைத் திரும்பிப் பார்த்தார். மீசையும் உள்ளே போனது. குடுக்கை நூலைப் பிடித்து, குழாயின் திறந்த வாய் மேலே வரும்படி நேராகத் தூக்கினாள். வெளியே வந்ததும் அப்பா இன்னொரு துணித் துண்டால் வாயை அடைத்தார். இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மா வேலை முடிந்து வந்தபோது கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டுச்சா?"

"யாரு?"

அம்மா சேலைத் தலைப்பைத் திருகினாள். "காலையில நான்தான் ஒண்ணைப் போட்டேன். மூணு நாள் சாப்பிடலன்னாலே எனக்குத் தாங்காது. இது இருபது நாளுக்கு மேல! நீங்க ரெண்டு பேரும் சட்டை சட்டைன்னு பேசிக்கிட்டு இருக்கீங்களே தவிர, யாராவது அதுக்கு ஒரு வாய் குடுத்தீங்களா?"

குடுக்கையின் நாக்கு நுனியில் கோபம் தயாராக நின்றது. ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. சமையலறையில் கரப்பான்பூச்சியைக் கண்டால் துடைப்பத்தோடு துரத்துகிறவள் அம்மா. சிலந்தியிருக்கும் மூலைப் பக்கமே வராதவள்.

"நீயாம்மா போட்டே? எப்படி?"

"இடுக்கியாலதான். கண்ணை மூடிக்கிட்டு."

குடுக்கை அம்மாவை இறுகக் கட்டிக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். அவள் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, சாப்பாடுன்னு நினைச்சு எமனைப் போட்டிருக்கேனே!"

"ஒண்ணும் ஆகலம்மா. வா, பார்க்கலாம்."

முதன்முறையாக அம்மா எல்லையைத் தாண்டி அந்த மூலைக்கு வந்தாள். மூன்று பேரும் பார்க்கப் பார்க்க, ஏழரை பழைய தோலிலிருந்து ஒவ்வொரு காலாக உருவியது. மெதுவாக, சுருக்கம் இல்லாமல். "நல்ல தையல்," என்றார் அப்பா.

குடுக்கை எண்ணினாள். ஆறு, ஏழு, அடுத்து அந்த முறிந்த கால். மெலிந்து, வெளுத்து, ஆனால் முழுசாக வெளியே வந்தது.

"எட்டு!" அவள் சத்தம் போடாமல் குதித்தாள்.

"இப்போவாவது ஏதாவது குடுக்கலாமா?" அம்மா கேட்டாள்.

"பல்லு இன்னும் கெட்டியாகலம்மா. பத்து நாள் ஆகட்டும்."

மறுநாள் அம்மா கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். "பொறும்மா, பொறு," என்று குடுக்கை தினமும் சொல்ல வேண்டியிருந்தது. "வீட்டுல இப்போ ரெண்டாவது குடுக்கை," என்று அப்பா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சிரித்தார்.

பத்தாம் நாள் குடுக்கை இடுக்கியை அம்மாவின் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை அம்மா ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். கரப்பான்பூச்சி விழுந்ததும் ஏழரை எட்டுக் கால்களாலும் பாய்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா குனிந்து பெட்டியின் நான்கு மூலைகளையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"தட்டு காலி!"