உத்தரம் விழும் நேரம்

"ஐயோ...! கொலை...! கொலை...!"

பேகோபுரத் தெருவே திரும்பிப் பார்த்தது.

1996, மே மாதம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணி. கத்திரி வெயில்.

அலறியவர் சக்கரபாணி. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் கிளார்க். லுங்கியோடு வாசலில் நின்றார். தலை முழுக்கச் சுண்ணாம்புத் தூள்!

பத்தாவது நிமிடம்... சப்-இன்ஸ்பெக்டர் முருகவேலின் புல்லட் வந்து உறுமியது.

முருகவேல் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்குக் கயிறு பிடித்ததுதான் மிச்சம். வந்த புகாரெல்லாம் காணாமல் போன செருப்பு! ஒரே ஒரு கொலைக்காக மனிதர் ஏங்கிப் போயிருந்தார்.

"பாடி எங்க?"

"பாடி ஆகியிருக்க வேண்டியவன் நான்தான் சார்!"

உள்ளே போனார்.

படுக்கையறை. மேல்தளத்தைத் தாங்கிய தேக்கு உத்தரத்தின் ஒரு முனை சுவரிலிருந்து கழன்று, செங்கல் குவியலோடு தரையில் குத்தி நின்றது.

மூன்றடி தள்ளிக் கட்டில்!

"தினம் அந்த இடத்துலதான் சார் படுப்பேன். இன்னிக்குன்னு பார்த்து கட்டில் தள்ளிக் கெடந்துச்சி..."

"விரோதி யாராவது?"

"வீட்டுக்காரர் சுப்பிரமணி! பதினோரு வருஷமா காலி பண்ணச் சொல்றாரு. நான் மாட்டேங்கறேன்."

முருகவேலின் மீசை துள்ளியது. ஆஹா... காரணம் கிடைத்துவிட்டது!

மரம் பார்க்கத் தச்சர் தருமனைக் கூட்டி வந்தார்கள். தருமன் உத்தரத்தைத் தட்டினார். நடுவில் 'டங்'. சுவரோரம் 'தொப்'. திருப்புளியை வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை இறங்கியது, வெண்ணெயில் இறங்குவது போல!

"முனை மக்கிப் போயிடுச்சி சார்."

"கரையானா?"

"இல்லீங்க. தண்ணி. தேக்கு லேசுல மக்காது. ரெண்டு மூணு வருஷம் ஈரத்துலயே ஊறியிருக்கு."

"மழைத்தண்ணி இறங்கியிருக்கும்."

"மழை பேஞ்சி நாலு மாசமாச்சி. சுவத்தத் தொட்டுப் பாருங்க."

தொட்டார்.

சில்லென்றது!

"மத்த உத்தரமெல்லாம் எலும்பு மாதிரி காஞ்சி கெடக்கு. இது ஒண்ணு மட்டும் ஈரம். யாரோ மேலேர்ந்து வேணும்னே ஊத்தியிருக்காங்க சார்!"

அரை மணி நேரத்தில் வீட்டுக்காரர் சுப்பிரமணி ஸ்டேஷனில் இருந்தார். முருகவேல் லத்தியைச் சுழற்றினார்.

"முந்நூத்தி ஏழு! கொலை முயற்சி! இனி அந்த வீட்ல ஒரு செங்கல் விழுந்தாலும் உன்னைத்தான் உள்ள தள்ளுவேன்!"

"சார்... சார்... நான் எப்படி மாடிக்குப் போவேன்? படிக்கட்டே அவங்க சமையல்கட்டுக்குள்ளதான் இருக்கு!"

முருகவேல் தொப்பியை எடுத்து மாட்டினார்.

புல்லட் மறுபடி பேகோபுரத் தெருவுக்குப் பறந்தது.

சக்கரபாணியின் மனைவி அருணாதேவி காபியோடு வந்தாள்.

"மாடிக்கு யார் போவீங்க?"

"அவருக்கு முட்டி வலி சார். நான்தான்... துணி காயப்போட..."

"கட்டிலைத் தள்ளிப் போட்டது?"

அவள் காபியை ஆற்ற ஆரம்பித்தாள்.

"அம்மா...!"

"நான்தான் சார்!" உடைந்தாள். "மூணு வருஷமா தினம் ரெண்டு குடம் ஊத்துறேன். இருட்டு வீடு சார் இது. வேங்கிக்கால்ல புதுசு புதுசா வீடு வந்திருக்கு. காத்து, வெளிச்சம், உள்ளேயே குழாய். கேட்டா மாட்டேங்கறாரு. கொஞ்சம் ஒழுகினா பயந்து காலி பண்ணுவாருன்னு பார்த்தேன். காலையில மரத்தூள் கொட்டுச்சி. கட்டிலை இழுத்துப் போட்டுட்டேன். அவரு தலை மேல வுழணும்னு நெனப்பேனா?"

முருகவேல் சக்கரபாணியைப் பார்த்தார். கண்ணில் கடைசி ஆசை.

"கம்ப்ளெயிண்ட் எழுதித் தரீங்களா?"

"எதுக்கு சார்? அவ்ளோ கனமான கட்டிலை ஒத்த ஆளா இழுத்திருக்கா, எனக்காக!" சக்கரபாணி மனைவி பக்கம் திரும்பினார். "அழாத தேவி. வேங்கிக்காலுக்கே போயிடலாம்."

அருணாதேவியின் முகத்தில் ஆயிரம் வாட் பல்ப்!

முருகவேலின் முகத்தில்... கரண்ட் கட்.

ஒரு மாதம் கழிந்தது.

அந்தத் தெரு வழியே போன முருகவேல் வண்டியை நிறுத்தினார். வாசலில் தருமனின் கருவிப்பை. உள்ளே அறைக்கு அறை இரும்பு கர்டர், சிவப்புப் பெயிண்ட் பளபளக்க!

சக்கரபாணி பூரித்து நின்றார்.

"நீங்க போட்ட மெரட்டல்ல வீட்டுக்காரர் ஆடிப் போயிட்டாரு சார்! ஒரு உத்தரம் வுடாம மாத்திக் குடுத்துட்டாரு. காலியே பண்ண வேணாம்னு கையெடுத்துக் கும்புடறாரு. இனி எதுக்கு வேங்கிக்கால்?"

மூலையில் அருணாதேவி. சுவரைப் பார்த்தபடி மெல்லக் கேட்டாள்.

"தருமண்ணே... இந்த இரும்பு எவ்ளோ நாள் தாங்கும்?"

தருமன் கர்டரை ஒரு தட்டுத் தட்டினார். தெருக்கோடி வரை 'ணங்'!

"சும்மா வுட்டா நூறு வருஷம்மா. நீங்க தண்ணி ஊத்தினாக்கூட... துரு புடிக்கறதுக்குள்ள உங்க சார் ரிடையர் ஆயிடுவாரு!"