தாய்நிறம் கேட்காத கடல்

சூரியன் உப்பளங்களுக்குப் பின்னால் இறங்கியதும் புன்னைக்கரை மிதவைத் துறைமுகம் மொத்தமும் ஒரே நொடியில் வெள்ளையிலிருந்து கருநீலத்துக்கு மாறியது. திரைகள், திரைக்குள் இருக்கும் பொத்தான்கள், பளுதூக்கியின் கைப்பிடி, காவலாளியின் சட்டை, ஏன், டீ மெஷின் வரைக்கும். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தினமும் நடப்பதுதானே.

இத்தனைக்கும் காரணம் நிறப் பொறியாளர் அமலி. அந்தக் காலத்துக் கணினியை இருட்டு நிறத்துக்கு மாற்றினால் ஏதாவது ஒரு பொத்தான் மட்டும் அடம்பிடித்து வெள்ளையாகவே பல்லை இளிக்கும். அதைக் கண்டாலே அமலிக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தப் பொத்தானுக்கும் சொந்த நிறம் கிடையாது, கணினியின் தாய்நிறம் எதுவோ அதுவே எல்லாவற்றுக்கும் என்று ஒரு விதி எழுதினாள். அப்புறம் ஒத்துநிறச் சாயம் வந்தது. தாய்நிறம் என்ன என்று வானொலி அலையில் கேட்டு அப்படியே மாறிக்கொள்ளும் சாயம் அது. இரும்பில் பூசலாம், துணியைத் தோய்க்கலாம். விடுவாளா அமலி? விதியைத் திரையிலிருந்து இறக்கித் துறைமுகத்தின் தலையில் கட்டினாள். பகலில் வெள்ளை, இரவில் கருநீலம். மூன்றாவது நிறத்துக்கு இடமே இல்லை. வேலை செய்பவர்களின் கண்வலி குறைந்தது நிஜம். அந்தத் தெம்பில், கண்ணை உறுத்துகிறது என்று ஆரஞ்சு உயிர்காப்பு அங்கிகளையும் போன மாதம் சாயத்தில் முக்கி எடுத்தாள். பாராட்டினார்களே தவிர, யாருக்கும் உறைக்கவில்லை.

அன்று அந்திக் கருக்கலில் கட்டுப்பாட்டறையின் காவல் மேசையிலிருந்த இசக்கியப்பன் எழுந்து நின்றார்.

"மேடம், மிதவைச் சங்கிலி பாக்கப் போன நம்ம கிளீட்டஸ் அண்ணாச்சி தண்ணிக்குள்ள விழுந்துட்டாவ. படகுல உள்ளவங்களுக்கு ஆளக் காணலையாம்."

கிளீட்டஸ் அமலியின் கணவர்.

"அங்கி போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தாவ. இடங்காட்டிதான் படகுலயே கிடக்காம்."

அமலிக்குப் போன மூச்சு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. அங்கி இந்நேரம் கருநீலம். கடலும் கருநீலம்.

தேடுபறவைகள் என்ற சின்னப் பறக்கும் கருவிகள் விளக்கோடு கிளம்பின. அவை அனுப்பிய படத்தில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. துறைத் தலைவி வடிவு ஓடி வந்தார்.

"அந்த அங்கிய மட்டும் ஆரஞ்சு ஆக்கு அமலி."

"முடியாது மேடம். அதுக்குன்னு தனி முகவரி நான் வைக்கல. தாய்நிறம் சொல்றதைக் கேக்கும், அவ்வளவுதான்."

"அப்போ எல்லாத்தையும் வெள்ளையாக்கு."

ஆக்கினாள். துறைமுகம் பகல்போல் வெளுத்தது. இசக்கியப்பன் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லா அலை மேலயும் வெள்ள நுரைதான் மேடம். இதுல எங்க போய்த் தேட?"

அமலி தன் கையால் சாயத்தில் முக்கியெடுத்த அங்கி அது. அழுகையை அடக்கிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். மேடை வெள்ளை, படி வெள்ளை, காவலாளி வெள்ளை. கடல் மட்டும் அவள் பேச்சை மதிக்காமல் தன்போக்கில் கிடந்தது.

"மேடம், பளுதூக்கி எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லுங்க, நிறம் மாறி மாறி வந்தா ஓட்டுறவங்க தடுமாறிடுவாங்க. கடல் நான் சொன்னா மாறாது. அவர் அங்கி மாறும்."

வடிவு மறுபேச்சுப் பேசாமல் நிறுத்தினார். அமலி பொத்தானை விடாமல் தட்டினாள். வெள்ளை, கருநீலம், வெள்ளை, கருநீலம். தட்டுக்குத் தட்டு மாறுவதை மட்டும் தேடும்படி பறவைகளுக்குக் கட்டளை போனது.

"கிழக்க ஒண்ணு மாறி மாறித் தெரியுது மேடம். சின்னதா," என்றார் இசக்கியப்பன்.

கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு வந்து சேர்ந்த கிளீட்டஸ் முதலில் கேட்டது இதுதான்: "ஏட்டி, நான் அங்க சாகக் கிடக்கேன், நீ லைட்டப் போட்டுப் போட்டு அணைச்சா விளையாடுத?"

அமலி அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, அதே தோளில் சாய்ந்து அழுதாள்.

மறுநாளே விதியில் ஒரு விலக்கு எழுதினாள். உயிர்காப்பு அங்கிக்குச் சொந்த நிறம், ஆரஞ்சு. தாய்நிறம் என்ன சொன்னாலும் அது மாறாது. விலக்கு ஒன்று வந்தால் போதாதா? பளுதூக்கிக்காரர்கள் நிறுத்து பொத்தானுக்கு ஆரஞ்சு கேட்டார்கள். அதுவும் உயிர்ப் பிரச்சினைதானே. ஏணிக்குக் கேட்டார்கள், மிதவைப் பந்துகளுக்கும் வலையை மிதக்கவைக்கும் கட்டைகளுக்கும் கேட்டார்கள். சுடுதண்ணீர் பட்டால் உயிர் போகாதா என்று டீ மெஷினுக்கும் கேட்டார்கள். தன் புருஷனுக்கு ஒரு விலக்கு வாங்கிக்கொண்டவள் அடுத்தவருக்கு எந்த வாயால் மறுப்பாள்? அத்தனைக்கும் கையெழுத்துப் போட்டாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் மீட்புப் பயிற்சி வைத்தார்கள். கிளீட்டஸ்தான் வீம்பாக முன்வந்து, கையில் பேசும் கருவியோடு குதித்தார். இடங்காட்டி இல்லாமல் தேட வேண்டும் என்பது ஏற்பாடு. பறவைகள் கிளம்பின.

"ஆரஞ்சா எக்கச்சக்கமாக் கிடக்கு மேடம். மிதவை, கட்டை, அங்கி, எல்லாம் ஒரே மாதிரி," என்றார் இசக்கியப்பன். "இதுல அண்ணாச்சி எது?"

அமலி சிரித்துக்கொண்டே தாய்நிறப் பொத்தானைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். கட்டுப்பாட்டறைச் சுவர் வெளுத்துக் கறுத்தது. கடலில் கிடந்த ஆரஞ்சு எதுவும் அசைந்து கொடுக்கவில்லை. அவள் சிரிப்பு நின்றது.

பேசும் கருவி கரகரத்தது. "ஏட்டி, இங்கதான் கிடக்கேன். பாத்துட்டியா?"