நிச்சயதார்த்தத்தில் ஒலித்த ‘நீ வரும் தெரு’

திருப்பாதிரிப்புலியூரில் ராமாமிர்தம் நடத்திவந்த துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள், வரப்போகிற மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிக்கச் சொல்லித்தான் பெரும்பாலும் வருவார்கள். 2009 ஆவணியில் வந்த சுப்புராயன், மாப்பிள்ளை எழுந்து போன பிறகு வந்தார்.

சிதம்பரம் மேல வீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். உட்காருவதற்கு முன்பே கூலி பேசினார். பேசி முடித்ததும், “இதே கூலியில எங்க சின்னப் பொண்ணுக்கு வந்திருக்குற வரனையும் ஒரு பார்வை பாத்துடுங்கம்மா. எப்படியும் சிதம்பரம் வரத்தானே போறீங்க?” என்றார்.

ராமாமிர்தத்தின் அண்ணன் மகனும் ஒரே உதவியாளனுமான தமிழ்மணி, சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“முதல்ல ஒண்ணை முடிப்போம். என்ன நடந்துச்சு?” என்றார் ராமாமிர்தம்.

“நேத்து எங்க பெரிய பொண்ணு சுவேதாவுக்கு நிச்சயதார்த்தம். மோதிரம் போடுறப்ப ‘நீ வரும் தெரு’ பாட்டுப் போடணும்னு மாப்பிள்ளை எழிலனுக்கு ஆசை. புதுசா வந்த சினிமாப் பாட்டு. மெமரி கார்டுல ஏத்தி முந்தின நாளே என்கிட்ட குடுத்துட்டாரு. காலையில சவுண்டு செட்டு சாமிக்கண்ணு கையில சேத்துட்டேன். மாப்பிள்ளை மோதிரத்தை எடுக்குறாரு, சாமிக்கண்ணு பாட்டைத் தட்டுறான்... ‘நீ வரும் தெருவில் இனி நானில்லடி, பொய்க்காரி’ன்னு ஒரு குரல் மண்டபமே அதிர்ற மாதிரி!”

தமிழ்மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயையோ! யாரு குரலு?”

“எங்க அக்கா மவன் செம்பியன் குரலு.”

சுப்புராயன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மீதியைச் சொன்னார். செம்பியன் அண்ணாமலை நகரில் படித்தபோது விடுதி நண்பர்களோடு சேர்ந்து ஓர் ஆல்பம் போட்டான். காதல் தோல்விப் பாட்டு. அதன் பெயரும் ‘நீ வரும் தெரு’தான். சுவேதாவைப் பெண் கேட்டும் வந்தான், சுப்புராயன் மறுத்துவிட்டார். பாட்டைக் கேட்ட மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்கு ஏதோ பழைய கதை இருக்கிறது என்று நிச்சயத் தட்டைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்கள்.

“ஊரு முன்னாடி செம்பியனைச் செருப்பால அடிச்சேன். போலீசு வேலைக்குத் தேர்வாகி இருக்கான். நடத்தை விசாரணைதான் பாக்கி. நான் அவன் மேல ஒரு புகாரு குடுத்தா அந்த வேலை காலி. நீங்க ஆதாரத்தை மட்டும் எடுத்துக் குடுங்க, அப்புறம் புகாரு குடுக்குறேன்.”

சாட்சிக்காகக் கொண்டுவந்திருந்த மெமரி கார்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். தமிழ்மணி அதைத் தன் போனில் சொருகினான்.

“அத்தை, இங்க பாருங்க. ‘நீ வரும் தெரு’ ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது, அதுவும் செம்பியன் பாட்டு. அந்தச் சினிமாப் பாட்டு எங்கயும் இல்ல. மத்தபடி கார்டு பிதுங்குது. பூரா காதல் பாட்டு, நடுவுல மாரியம்மன் பாட்டு வேற. கடைசியில ஏதோ போன் கடை விளம்பரப் படம்.”

“எழிலன் எத்தனை பாட்டு ஏத்துனாராம்?”

தமிழ்மணி எழிலனை போனில் பிடித்துக் கேட்டான். “அந்த ஒண்ணுதானாம். நாலு தடவை கேட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்தாராம்.”

ராமாமிர்தம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். “கிளம்பு, சிதம்பரம் பஸ்ஸைப் பிடிப்போம்.”

சாமிக்கண்ணு மண்டபத்து வாசலில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார். “நாகஸ்வரம் ஊதுறப்ப பாட்டைப் போட்டுப் பாக்க முடியுமாம்மா? பேரைப் பாத்தேன், சரியா இருந்துச்சு, தட்டுனேன். செம்பியன் ஒரு வாட்டி வந்தான். பந்தியில பேச முடியல, சத்தத்தைக் குறைண்ணேன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.”

“செட்டுப் பக்கம் போயிருக்கான்! அவன்தான் அத்தை!” என்று துள்ளினான் தமிழ்மணி.

ராமாமிர்தம் அவனைத் தேரடிப் பக்கம் இழுத்துப் போனார். விளம்பரப் படத்திலிருந்த கடை அங்கேதான் இருந்தது. கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “பாட்டு ஏத்துறப்ப, அதே பேருல ஒரு பாட்டு கார்டுல முன்னயே இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“கம்ப்யூட்டரே கேக்கும்மா, பழசை அழிச்சுட்டுப் புதுசை வைக்கவான்னு. மொத்தமா ஆமான்னு தட்டிருவோம். கூட்டம் நிக்கிறப்ப ஒவ்வொண்ணாவா பாக்குறது? சின்ன போன்ல நீளமான பேரு தெரியாதுன்னு படத்துப் பேரெல்லாம் போடுறதில்ல, பாட்டுப் பேரு மட்டுந்தான். எங்ககிட்டயே ‘நீ வரும் தெரு’ன்னு முதல்ல சினிமாப் பாட்டுதான் இருந்துச்சு. காலேஜ் பசங்க பழைய பாட்டு எங்க கைக்கு வந்ததும் அதை அழிச்சுட்டு இது உக்காந்துருச்சு!”

“கார்டைக் கொண்டாந்தது யாருன்னு கேளுங்க அத்தை,” என்று தமிழ்மணி கிசுகிசுத்தான்.

“வேணாம்டா. எனக்குத் தெரியும்.”

மாலையில் சுப்புராயன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். எழிலன் நாற்காலி நுனியில். சுவேதா கதவோரம். சாமிக்கண்ணு தரையில். கன்னம் வீங்கிய செம்பியன் யாரையும் பார்க்காமல் நின்றான்.

“ஒருத்தனை அவமானப்படுத்த நினைக்கிறவன் ஒரு பாட்டை மாத்துவான், ஓடிடுவான்,” என்று ராமாமிர்தம் ஆரம்பித்தார். “இந்தக் கார்டை ரொப்புனவரு மாரியம்மன் பாட்டுகூட ஏத்தியிருக்காரு. இதுல வஞ்சம் இல்ல. போன் கடையில ஒரு பாட்டு ஏத்துனாலும் ஒரே கூலி, கார்டு நிறைய ஏத்துனாலும் ஒரே கூலி. அப்புறம் எதுக்குக் காலியா விடணும்னு நினைச்ச ஆளோட வேலை. ஒரு கூலியில ரெண்டு வேலை பாக்கச் சொல்ற ஆளு. ராத்திரி முழுக்கக் கார்டை வச்சிருந்த ஆளு.”

தமிழ்மணி மெதுவாகத் திரும்பினான். எல்லோரும் திரும்பினார்கள்.

சுப்புராயனின் வாய் திறந்தபடியே இருந்தது. “இடம்... இடம் நிறைய கெடந்துச்சும்மா. விசேஷ வீட்டுல நாகஸ்வரம் முடிஞ்சப்புறமும் பாட்டு ஓடணுமேன்னு தேரடியில குடுத்து... நான் புதுசா சேத்தேன். எதையும் எடுக்கலியே!”

“நீங்க எடுக்கல. கடைக்காரர் கொட்டுன காதல் பாட்டுல ஒண்ணு, அதே பேருல இருந்ததை அழிச்சுட்டு உக்காந்துருச்சு. அது உங்க அக்கா மவன் பாடுனது.”

எழிலன்தான் முதலில் எழுந்தான். “அப்ப ஒண்ணுமே இல்லையா மாமா? அம்மாகிட்ட சொல்லிடுறேன், மோதிரத்தை இன்னொரு நாள்...”

“இருங்க,” என்றாள் சுவேதா. “என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க? அதைப் பேசிட்டு அப்புறம் நாள் பாக்கலாம்.”

எழிலன் உட்கார்ந்துவிட்டான்.

சுப்புராயன் அது எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. “அந்தப் புகாரு...” என்றார்.

“ஆதாரம் கிடைச்சப்புறம் குடுக்குறேன்னுதானே சொன்னீங்க?” ராமாமிர்தத்தின் குரலே ஒரு கணம் தடுமாறியது.

“உங்களைப் பாத்துட்டுத் திரும்புற வழியில ஸ்டேஷன் இருந்துச்சும்மா. இன்னொரு தடவை எதுக்கு அலையணும்னு...”

செம்பியன் நிமிர்ந்தான், அவன் கண்ணில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

சுப்புராயன் சட்டையை மாட்டினார். பொத்தானைத் தப்புத் துளையில் போட்டார், அவிழ்த்துப் போட நேரமில்லை. “எந்திரிடா செம்பியா. வண்டியை எடு.”

தமிழ்மணி பின்னாலேயே ஓடினான். ஸ்டேஷனில் ரைட்டர் காகிதத்தைப் புரட்டி, “இந்தப் புகாரை வாபஸ் வாங்குறீங்களா? ரெண்டு பேரும் சமாதானமாப் போறோம்னு எழுதிக்கட்டுமா?” என்றார்.

“அப்படி எழுதுனா பையன் மேல கறை நிக்கும். வேற எழுதுங்க சார்,” என்றார் சுப்புராயன்.

“பாட்டை மாத்துனது யாருன்னு எழுதணும்ல?”

அதுவரை செம்பியனின் முகத்தைப் பார்க்காதவர், இப்போது பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சுப்புராயன்னு எழுதுங்க. பாத்திரக் கடை, மேல வீதி. எல்லாருக்கும் தெரியும்.”