வழியில்லாத கட்டம்

அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போகத்தான் அன்று மதியம் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே சன்னல்களை எல்லாம் மூடி வைத்திருந்தாள். மாமா எப்போதும் வாயில் அடக்கிக்கொள்ளும் தொண்டை மிட்டாயின் வாசம் அந்த இருட்டில் அடித்தது. மாமா இறந்த பிறகு அதை யாரும் வாங்கவில்லை.

அக்காவும் மாமாவும் வீட்டிலிருந்தே கணினிப் புதிர் விளையாட்டுகள் செய்தவர்கள். அக்கா கட்டங்களை அமைப்பாள். மாமா விளையாடிப் பார்த்துக் குறை சொல்வார். ஒரு பொம்மை மனிதன் பெட்டிகளைத் தள்ளி வழி உண்டாக்கிக் கதவைத் திறக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் மாமா தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரிப்பார். "உங்கக்கா மூளையைக் கழட்டி வெயில்ல காயப்போடணும்டா" என்பார்.

கட்டங்கள் கடினமாக ஆக, சிரிப்பு குறைந்தது. கடைசிக் கட்டத்தில் அறவே நின்றது. சோறு தண்ணி மறந்தார். பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுந்தார். பிடிக்காமலே விளையாடினார், விடவும் முடியவில்லை. கணினி முன்னால் இருந்த நாற்காலியிலேயே அவர் நெஞ்சு நின்றுபோனது.

உள்ளறையில் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. நாற்காலி காலி. அக்கா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

பெட்டி நகர்ந்தது.

விசைப்பலகையை யாரும் தொடவில்லை. பொம்மை பெட்டியைச் சுவர்வரை தள்ளியது, நின்றது, மறுபடி தள்ளியது. காலி நாற்காலியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"சத்தம் போடாதடா," அக்கா கிசுகிசுத்தாள். "மாமா யோசிக்கிறாரு."

"அக்கா..."

"இதுக்கு வழியே இல்லடா. ஒரு பெட்டியை இடம் மாத்தி வச்சுட்டேன். அவர் போனதுக்கப்புறம்தான் கவனிச்சேன்."

"சரிபண்ண வேண்டியதுதானே?"

"சரிபண்ணா முடிச்சிருவாரு. முடிச்சா போயிருவாரே."

மறுபடி பெருமூச்சு. இம்முறை அது நடுவில் உடைந்தது. அக்கா இதைத் தினமும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"பாவம்க்கா. விட்டுடு."

வெகுநேரம் அழுதாள். பிறகு தன் மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பெட்டியை உரிய இடத்துக்கு மாற்றினாள்.

பொம்மை தயங்கியது. பிறகு ஓடியது. தள்ளியது, சுற்றிப் போனது, தள்ளியது.

கதவு திறந்தது.

அறை நிறைய மாமாவின் பழைய சிரிப்பு. பொம்மை வாசலில் நின்று எங்களைப் பார்த்துத் தலையாட்டியது. அப்படி ஓர் அசைவை அக்கா வரையவே இல்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா வெளியே கிளம்பும்போதெல்லாம் தான் வழக்கமாகச் சொல்வதைத்தான் இப்போதும் சொன்னாள். 'போங்க' என்று சொல்ல எந்தப் பெண்டாட்டிக்கு வாய் வரும்?

"போயிட்டு வாங்க."

பொம்மை வெளியேறியது. கதவு மூடியது. சிரிப்பு அடங்கி, வாசமும் கரைந்தது. அக்கா என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். நான் கணினியை அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கிப் போட்டேன். அவள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டேன். மனசு கனத்தாலும் ஒரு நிம்மதி இருந்தது.

வாசற்படி இறங்கும்போது உள்ளறையில் வெளிச்சம் வந்தது.

நாற்காலி கிறீச்சிட்டது.

பெட்டி சுவரில் போய் முட்டும் சத்தம். அதன் பின்னாலேயே, நடுவில் உடைந்த அந்தப் பெருமூச்சு.

அக்கா என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

"நான்தானேடா வாங்கன்னு சொன்னேன்," என்றாள்.