காலித் துளையில் எரிந்த விளக்கு

உலகத்தில் பேய் என்று எதுவும் கிடையாது. சரியாகச் செருகாத கேபிள் மட்டுமே உண்டு. இந்த உண்மையை விரோட் பாங்காக்கில் படிக்கும்போதே கண்டுபிடித்துவிட்டான். அறிவிக்கத்தான் இடம் இல்லை. வடக்கே மலையடிவார மருத்துவமனையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்ததும் அந்தக் குறையும் தீர்ந்தது.

சர்வர் அறை அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் இல்லை. ஏசியின் இரைச்சல், ஈரச் சுவரின் வாடை, அதற்குள் மெலிதாக ஊதுபத்தி மணம். மூலையில் ஒரு சின்னப் பலகை. அதன்மேல் மூடி திறந்து, ஸ்ட்ரா போட்ட சிவப்புச் சோடா.

"யாருக்குக்கா இது? சர்வருக்கா?"

"இடத்துச் சாமிக்கு. தொடாதே தம்பி," என்றாள் கூட வந்த ஆய்வகத்து மாயுரி அக்கா. செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள். விரோட் ஷூவோடு நின்றான்.

"தினம் ஒரு சோடாவா? சாமிக்குச் சுகர் வந்துடும்கா. ஆஸ்பத்திரியிலயே இப்படியா?" பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் உறிஞ்சி முடித்தான். "சாமிய டயட்ல போட்டாச்சு."

மாயுரி சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வெளியேறினாள்.

மறுநாள் மதியம் மருத்துவமனையின் மின்னஞ்சல் இழுக்க ஆரம்பித்தது. பிறகு இணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்தன.

மேல் மாடியில் நொய் என்ற சிறுமி சிறுநீரகத்துக்குக் காத்திருந்தாள். அவளுடைய ரத்தப் பொருத்த அறிக்கை சாயங்காலத்துக்குள் பாங்காக் போய்ச் சேராவிட்டால் சிறுநீரகம் வேறொருவருக்குப் போய்விடும். ஆஸ்பத்திரி முகவரியிலிருந்து வந்தால்தான் ஏற்பார்களாம்.

"பாதியிலயே அறுந்துடுது தம்பி. ஏதாவது பண்ணு!" என்றாள் மாயுரி.

"கேபிள்தான்கா," என்று விரோட் கீழே ஓடினான்.

கேபிளை மாற்றினான். சர்வரை நிறுத்தி எழுப்பினான். திரையில் பார்த்தால் சர்வரின் எல்லா இணைப்புகளையும் ஒரே ஒரு இடம் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அந்த இடத்தைத் தேடிப் போனான். கேபிள்கள் வந்து சேரும் பெட்டியில், கடைசித் துளை.

அதில் கேபிளே இல்லை.

ஆனால் அதன் பச்சை விளக்கு மினுக்கியது.

அவன் குனிந்தான். உள்ளிருந்து ஒரு சத்தம். காலியான பாட்டிலின் அடியை ஸ்ட்ராவால் உறிஞ்சுகிற சத்தம்.

கொர்ர்ர்.

திரையில் ஓர் இணைப்பு அறுந்தது.

கொர்ர்ர்.

இன்னொன்று.

விரோட் பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கினான். எல்லா விளக்கும் அணைந்தன.

அந்த ஒன்றைத் தவிர.

துளையின்மேல் விரலை வைத்தான். உள்ளே யாரோ மூச்சை இழுத்தார்கள். விரல் நுனி ஈரமானது.

வாசலில் மாயுரி நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"அக்கா... இது கேபிள் இல்லக்கா."

"மேல கடை இருக்கு," என்று கிசுகிசுத்தாள். "சிவப்புதான். மூடியத் திறந்து வை, அதுக்குத் திறக்கத் தெரியாது. ஷூவக் கழட்டு."

பெட்டிக்கு மறுபடி மின்சாரம் கொடுத்துவிட்டு ஓடினான். பாட்டிலோடு திரும்பி, மூடியைத் திறந்து, வெறுங்காலோடு பலகையில் வைத்தான். ஸ்ட்ராவைப் போட்டான்.

சத்தம் நின்றது.

சற்று நேரத்தில் மாடியிலிருந்து மாயுரி கூப்பிட்டாள். "அறிக்கை போயிடுச்சு தம்பி! பாங்காக்ல வந்து சேர்ந்துடுச்சாம்!"

பச்சை விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. பாட்டிலில் சோடா, யாரும் தொடாமலே, ஸ்ட்ரா வழியாக மேலேறி மேலேறிக் குறைந்துகொண்டிருந்தது. ஸ்ட்ராவின் நுனியில் பல் பட்ட தடம்.

விரோட் கடைப் பையிலிருந்து இரண்டாவது பாட்டிலை எடுத்து, சத்தம் வராமல் மூடியைத் திறந்தான்.